திரையில் நின்ற மந்தாரை

பிப்ரவரி 3

வாலுவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். என் வீட்டுக்காரருடைய தங்கை. சின்ன வயதில் செய்த சேட்டைக்கு வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. மருந்து அவள் முடியை மொத்தமாகக் கொட்ட வைத்திருக்கிறது. இன்னும் சில மாதங்கள் மருந்து ஏற்ற வேண்டும். அவளோ, "போதும், விட்டுடுங்க" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள்.

கிழக்கு அறையை ஒழித்துக் கொடுத்தேன். காலை வெயில் கண்ணைக் குத்தும் என்று வெள்ளைப் படுக்கை விரிப்பை வெட்டி ஒரு திரை தைத்து மாட்டினேன். "தையல்காரி வீட்டுல திரை கோணலா தொங்குது" என்றாள். வாய்க்கு மட்டும் ஒரு நோயும் வரவில்லை.

பிப்ரவரி 7

காபி கொண்டுபோனால், "அண்ணி, முற்றத்துல எப்போ மரம் வச்சீங்க?" என்கிறாள்.

திரையில் ஒரு மரத்தின் நிழல். பெரிய மரமில்லை, ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒவ்வொரு இலையும் நடுவில் பிளந்திருந்தது. அதன் அடியில் ஒரு பெண் குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். திரையை விலக்கினேன். வெறும் முற்றம், துணிக் கொடி, கவிழ்த்து வைத்த வாளி. மூடினேன். மரம் நின்றது. அவளும் நின்றாள்.

காபியைக் கொட்டிவிட்டேன். வாலு சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் சிரிப்பு.

பிப்ரவரி 8

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "துணி தெரியுது. கோணலா தெரியுது" என்றார். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வாய்.

பிப்ரவரி 12

வெயில் ஏறும் வரைதான் தெரிகிறது. வாலு விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். அந்தப் பெண்ணுக்குத் தலையில் ஒரு கொண்டை.

இன்று சொன்னாள்: "அது நான்தான் அண்ணி. எனக்கு முடி வளந்திருக்கு, மரமும் வளந்திருக்கு. அதுவரைக்கும் நான் இருப்பேன்னு காட்டுது. அந்த மரத்த வாங்கி வச்சிடலாம்."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் தட்டைக் காலி செய்துவிட்டு மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். பேயோ பிசாசோ, எனக்கு அந்த நிழல் மேல் கோபம் வரவில்லை.

பிப்ரவரி 16

நர்சரிக்குப் போனோம். தலையில் துணி கட்டிக்கொண்டு வாலுவும் வந்தாள். நானும் அவளும் ஒரு வெள்ளைத் துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஒவ்வொரு செடிக்குப் பின்னாலும் விரித்து நிழல் பார்த்தோம். நர்சரிக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாரும் என்ன கலர் பூ பூக்கும்னு கேப்பாங்க. நீங்க செடிக்கு ஜாக்கெட்டா தைக்கப் போறீங்க?"

பவழமல்லி இல்லை. அரளி இல்லை. செம்பருத்தி இல்லை. கடைசி வரிசையில் இடுப்பளவு நின்ற ஒன்றின் பின்னால் துணியை விரித்ததும் வாலு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிளந்த இலை. வெள்ளை மந்தாரையாம். சின்ன வீட்டுக்கு ஏற்ற மரம், வேர் சுவரைத் தொந்தரவு செய்யாது என்றார்.

பிப்ரவரி 17

எங்கே நடுவது என்பதில் சந்தேகமே இல்லை, நிழல் விழும் இடம்தான். காலையில் நான் துணி காயப்போடும் கொம்பைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். வாலு உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "இன்னும் இந்தப் பக்கம்... அய்யோ, ரொம்பப் போயிட்டீங்க... அங்கதான், அங்கதான்! கொம்பு மரத்து மேலயே விழுது!"

அடையாளத்துக்கு ஒரு கல்லை வைக்கக் குனிந்தேன்.

உள்ளே குரல் நின்றுவிட்டது.

போய்ப் பார்த்தால் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். "ஒண்ணுமில்ல. சரியா பொருந்திடுச்சு" என்றாள். எது பொருந்தியது என்று எனக்குப் புரிந்துவிட்டது. தைக்கும்போது கழுத்தில் தொங்கும் அளவு நாடாவில் முடி சிக்காமல் இருக்க நான் எப்போதும் கொண்டைதான் போடுகிறேன்.

அது நான். அப்படியானால் அவள் எங்கே?

பிப்ரவரி 19

மாத்திரை வேண்டாமாம். சாப்பாடு வேண்டாமாம். "மரத்த நீங்க நல்லா பாத்துப்பீங்க அண்ணி. அதான் தெரிஞ்சுபோச்சே." சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பாவி, என்ன பேச்சு இது! சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிப்ரவரி 20

தையல் மேசையிலிருந்து கத்திரியை எடுத்தேன். துணி வெட்டும் பெரிய கத்திரி. கொண்டையை அடியோடு வெட்டினேன். அது நானாக இருக்க வேண்டாம், அவளாகவே இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் வெட்டினேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆனால் யாரோ அதைக் காதில் வாங்கிக்கொண்டார்கள் என்று அந்த நிமிடம் தோன்றியது.

நேராக முற்றத்துக்குப் போய் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று கத்தினேன்: "இப்போ பொருந்துதா பாருடி!"

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு. அழுகையும் கலந்த சிரிப்பு. "இல்ல அண்ணி. கொஞ்சம் கூடப் பொருந்தல."

அவர் வேலையிலிருந்து வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வழுக்கையைத் தடவிக்கொண்டு, "இனிமே இந்த வீட்டுல எனக்குத்தான் முடி ஜாஸ்தி" என்றார்.

பிப்ரவரி 24

நட்டாயிற்று. முன்பே தோண்டிப் போட்ட குழி வெயிலில் நன்றாகக் காய்ந்திருந்தது. தொழு உரம் போட்டு, பையைக் கிழித்து, வேர்மண் உதிராமல் வாலுவே இறக்கினாள்.

பிப்ரவரி 25

திரையில் பெரிய மரம் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. இடுப்பளவுச் செடியின் நிழல் மட்டும். சன்னலைத் திறந்தால் அதே செடி.

மே 2

புதுத் துளிர். பிளந்தே பிறக்கிறது.

ஆகஸ்ட் 21

மருந்து முடிந்தது. டாக்டர், "இனி ஆறு மாசத்துக்கு ஒருமுறை வந்தா போதும்" என்றார். வீடு திரும்பியதும் வாலு செடியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

டிசம்பர் 30

அவளுக்கு முடி காதைத் தொடுகிறது. எனக்கு வளர வளர வெட்டிக்கொண்டே இருக்கிறேன். இன்னும் எதற்கு என்று அவர் கேட்கிறார். பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜனவரி 1

புது டைரி. மந்தாரை என் தோளைத் தாண்டிவிட்டது.

ஜூன் 9

குளிக்கும்போது கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது.

ஜூன் 20

அதே மருத்துவமனை. அதே டாக்டர். அவளுக்கு வந்த அதே நோய். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று அழுதார். வாலு அழவில்லை, என் கையை விடவும் இல்லை.

கொண்டையில் கத்திரியை வைத்த அந்த நிமிடத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சீச்சீ, உடம்புக்கு வருவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் நான் சொன்னதைக் கேட்டார்கள். யாரோ கேட்டார்கள்.

செப்டம்பர் 14

கிழக்கு அறையில் இப்போது நான். முடி போய்விட்டது, இனி வெட்டும் வேலையில்லை. வாலு சமைக்கிறாள், அதட்டுகிறாள், என் மிஷினில் உட்கார்ந்து திரையைப் பிரித்து நேராகத் தைத்து மாட்டினாள். மாத்திரைகளை அவள் போனதும் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறேன். போதும் போலிருக்கிறது. அவளிடம் சொல்லத் தைரியமில்லை.

அக்டோபர் 6

காலையில் கண் விழித்தேன். திரையில் மரம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. கொண்டை போட்ட ஒருத்தி குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்படியே அதே நிழல், ஒரு நூல் பிசகவில்லை. அவள் சொன்னதுதான் சரி, அது அவள்தான்.

சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே. அவள் இருக்கிறாள். என்னைப் பற்றித்தான் அந்த நிழல் அன்றும் இன்றும் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மரத்தின் மறுபக்கத்தில் இன்னொருத்தி வந்து நின்றாள். காது வரை முடி. கழுத்திலிருந்து அளவு நாடா இரண்டு பக்கமும் தொங்கியது.

"வாலு, உன் பக்கத்துல யாருடி?"

"யாருமில்லையே அண்ணி. ஏன்? இங்க பாருங்க, மொட்டு விட்டிருக்கு!"

எட்டித் திரையை விலக்கினேன். மரத்தடியில் அவள் மட்டும்தான் இருந்தாள், கையில் சொம்போடு. மூடினேன். திரையில் இரண்டு பேர்.

தலையணைக்கு அடியில் துழாவி, இன்றைக்கான மாத்திரையை எடுத்து விழுங்கினேன்.