அம்மா சொல்லாத சொல்

கொல்லயில் கிராமம்,
8-8-1984

அன்புள்ள அண்ணா,

கம்ப்யூட்டர் பாடம் வேண்டாமென்று அம்மா சொல்லவில்லை. நான்தான் அம்மா சொன்னதுபோல் எழுதினேன்.

சிவில் என்ஜினீயரிங்கோடு அதையும் கூடுதல் பாடமாகப் படிக்கலாம், அப்பா அபுதாபியில் இருப்பதால் அம்மா சம்மதித்தால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்கு வாசித்துச் சொல்லும்போது அந்தப் பத்தியை விட்டுவிட்டேன். வகுப்பு சனிக்கிழமைகளில் என்று அதில் இருந்தது. சனிக்கிழமைதான் எனக்கு நூலகப் புத்தகங்களோடு நீங்கள் பாறசாலையில் ரயில் இறங்குவீர்கள். அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்த நாவலின் இரண்டாம் பாகம் வர வேண்டியிருந்தது.

நீங்கள் மறுபேச்சில்லாமல் சரி என்று பதில் எழுதினீர்கள். அதை என்னால் அம்மாவுக்கு வாசிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"எழுத்தறியாத்தவளுக்க வாயில இல்லாத்த பேச்சையும் எழுதுவியா மக்கா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

நீங்கள் அனுப்பியிருந்த சம்மதப் படிவத்தில் இப்போது அம்மாவின் கைரேகை இருக்கிறது. நாளை மறுநாள் கடைசி நாள் என்பதால் குட்டப்பன் மாமன் அதையும் இந்தக் கடிதத்தையும் நாளை காலையில் உங்களிடம் நேரில் கொண்டுவருவார்.

இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டு ஷியாமளா அக்கா அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் ஒட்ட வேண்டுமாம். அக்கா வரும்வரை மடிக்காமல் வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை