பீரோவுக்குப் பின்னால் இருந்த கோடு

அன்பு மகன் பெர்லினுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால நாங்க மூணு பேரும் நல்ல சுகம், மஸ்கட்ல நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பாத்துக்கோ. என் வலது கை கட்டுல இருக்கு, காரணம் பின்னால வருது. அதனால உன் தம்பி ஜெனோ எழுதுதான், சொன்னதை மட்டும் எழுதுலேன்னு சொல்லியிருக்கேன். (அப்பாவுக்குக் கையில கட்டு, உனக்கு வீடு கட்டு, எனக்கு மட்டும் கட்டாயம். – ஜெனோ)

நீ அனுப்பின வீட்டு பிளான் கிடைச்சுது. பின்பக்க மனையில, கீழ எனக்கும் அம்மாவுக்கும் படுக்கையறை, மாடியில உனக்குன்னு போட்டிருக்க. அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனா அதுக்குள்ள இங்கன ஒரு காரியம் நடந்துபோச்சு. ஆத்துல வெள்ளம் வந்தா எந்தத் தெரு எவ்வளவு முங்கும்னு வரைபடம் போட பொறியாளருங்க வந்தாங்க, அந்த டிசம்பர் வெள்ளத்துல தண்ணி நின்ன கறையை வீடு வீடா அளக்குதாங்க. நம்ம தெருவுல கறைக்கு எங்க போக? கிறிஸ்துமஸ்னா வெள்ளையடிக்காம இருப்போமா? (வெள்ளத்தை வெள்ளை முழுங்கிட்டுது.) பக்கத்து வீட்டு இன்பமணி அண்ணாச்சி, முழங்காலளவுதான் வந்துதுன்னுட்டார். கூடச் சொன்னா மனையை எவன் வே வாங்குவான்னு என் காதுல வேற சொன்னார். தெருவே முழங்கால்னு சொல்லிட்டுது. (அது யானையோட முழங்காலான்னு கேட்டேன், இன்பமணி மாமா அடிக்க வந்துட்டார்.) உன் பிளான் மேசையில கிடக்கு, எனக்கும் அதையே சொல்லத்தான் வாய் வந்தது. அப்போ ஷமீம்னு ஒரு பொறியாளர் பொண்ணு, ஐயா, எந்தத் தெருவுக்கு முதல்ல படகு போகணும்னு இதை வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்கன்னு சொன்னா. வெள்ளம் வந்த அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் ஓட்டு மேல உக்காந்து கத்துனோம், ஒரு படகும் வரல. வெள்ளையடிக்க வந்தவங்க நகத்த முடியாம விட்ட பீரோவை நானும் ஜெனோவும் தள்ளினோம், என் கை நசுங்குனது அப்பத்தான். பின்னால செவத்துல செம்மண் கோடு, என் நெஞ்சுக்கு மேல. அளந்து எழுதிக்கிட்டாங்க.

தெருவுல ரெண்டு நாள் யாரும் என்கிட்ட முகம் கொடுக்கல, வேதமுத்து காட்டிக்கொடுத்துட்டான்னு பேச்சு. பெறகு இன்பமணி அண்ணாச்சி பைய வந்து, வே, எங்க வீட்டு அலமாரிக்குப் பின்னாலயும் பாக்கச் சொல்லும்னார். பொறியாளருங்க திரும்ப வந்து அளந்துட்டுப் போனாங்க. வரைபடத்துல நம்ம மனை இப்போ சிவப்பு. அதனால கீழ படுக்கையறை வேண்டாம்ப்பா. தூண் நிறுத்தி மேல கட்டு, கீழ வண்டி நிக்கட்டும். செலவு கூடும், வருத்தமாத்தான் இருக்கும், மெதுவாக் கட்டுவோம். அம்மா கால்வலியோட படி ஏறமாட்டான்னு சொல்லாத, அன்னைக்கு இருட்டுல ஏணி வச்சு ஓட்டு மேல ஏறினவ அவ.

கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். வெயில்ல தொப்பி போடாம வேலைக்குப் போகாத. பிளானை மாத்தி அனுப்பு, அதுவரைக்கும் அஸ்திவாரக் கல் போட மாட்டேன்.

உன் நலம் நாடும் அப்பா,
வேதமுத்து

(அம்மாவுக்கு முழுசும் வாசிச்சுக் காட்டினேன். படியை அகலமா, கைப்பிடி வச்சுக் கட்டச் சொல்லு, அது போதும்னு சொன்னா. – ஜெனோ)