தீவுக்கு மட்டும் அரை மணி

செப்டம்பர் 2, செவ்வாய்

செயலித் தளத்துக்காரர்களிடமிருந்து மறுபடியும் கடிதம். “உங்களுக்காகப் பதினொரு புதிய வசதிகள்!” நான் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

நன்றி கெட்டவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் வருகைப் பதிவேடு எழுதியவள் நான். நிரல் எழுதத் தெரியாது. பெட்டிகளை இழுத்து ஒட்டினால் செயலி ஆகிவிடும் என்றது அந்தத் தளம். ஒட்டினேன், ஆகிவிட்டது. பெயர் ‘வந்தாச்சா?’. கடலுக்குப் போகிறவர்கள் படகுத்துறை வைஃபையில் ‘கிளம்பியாச்சு’ அழுத்தி, திரும்பும் நேரத்தைப் போட வேண்டும். கரை சேர்ந்ததும் ‘வந்தாச்சு’. சொன்ன நேரம் தாண்டிக் கால் மணி ஆகியும் ஆளைக் காணோம் என்றால் என் டேப் அலறும். நான் மீட்புப் படகு ஓட்டும் டேனைக் கூப்பிடுவேன். எங்கள் லார்ட் ஹோ தீவில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. யாராவது ஒருத்தர் கரையில் உட்கார்ந்து கவலைப்படத்தான் வேண்டும்.

இன்றைய முன்னேற்றம்: ‘வந்தாச்சு’ பொத்தான் மூலைக்குப் போய்விட்டது. அதன் பழைய இடத்தில் ‘எங்களை நண்பர்களுக்குப் பரிந்துரையுங்கள்’. மதியத்துக்குள் நான்கு மீனவர்கள் பரிந்துரைத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 3, புதன்

ஐந்தாவது வசதி, ‘நேரத்தைத் தானாக அறிதல்’. அறிந்துகொண்டது. தப்பாக.

எங்கள் தீவு சிட்னிக்கு அரை மணி முன்னால் ஓடுகிறது. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளுவார்கள், நாங்கள் அரை மணிதான் தள்ளுவோம். அப்போது இரண்டு பேருக்கும் ஒரே நேரம். வேறு எந்த ஊரும் இப்படிச் செய்வதாக நான் கேள்விப்பட்டதில்லை. தளமும் கேள்விப்படவில்லை போலிருக்கிறது. எங்களைத் தூக்கிச் சிட்னியில் வைத்துவிட்டது. டேன் பதினொன்றரைக்கு வந்து இறங்கினான். செயலி பதினொன்று என்கிறது.

இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி, எல்லா நேரத்தோடும் முப்பது நிமிடம் கூட்டும்படி ஒரு ஃபார்முலா போட்டேன். சரியாகிவிட்டது. அறுபத்தொரு வயதில் இவ்வளவு கர்வம் வரலாமா? வந்தது.

செப்டம்பர் 6, சனி

துறையில் க்ளெமைப் பார்த்தேன். வானிலை நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த மனிதருக்குக் கடலும் பிடிவாதமும்தான் வேலை. தீவில் செயலியைத் தொடாத ஒரே படகுக்காரர். பழைய கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தார்: “க்ளெம். மீன். வருவேன்.”

“எப்ப வருவேன்னு போடறதில்லையா?”

“மீன் கிட்ட கேட்டுச் சொல்றேன்.”

“வரலைன்னா நாங்க எங்க போய்த் தேடறது?”

“மீன் இருக்கிற இடத்துல தேடு.”

“ஒரே ஒரு பொத்தான், க்ளெம். அமுக்கினா விரல் ஒண்ணும் தேஞ்சு போயிடாது.”

“உன் ஆப்புக்குப் பேரே சரியில்ல ரொவீனா. ‘வந்தாச்சா, வந்தாச்சா’ன்னு… பொண்டாட்டி கேக்கற மாதிரி இருக்கு. எனக்கு அந்தத் தொல்லை விட்டுப் பதினாலு வருஷம் ஆச்சு.”

எனக்கும் புருஷன் தொல்லை விட்டுப் பத்து வருடம் ஆகிறது. அவன் பெருநிலத்தில், போர்ட் மக்வாரியில் நன்றாகத்தான் இருக்கிறான். அதை நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

அரை மணி பற்றித் தளத்துக்கு எழுதியிருந்தேன். பதில்: “உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்.” அவ்வளவுதான். முழுக் கடிதமும் அதுதான்.

செப்டம்பர் 13, சனி

இன்னொரு அப்டேட். இப்போது செயலிக்குள் ஓர் உதவியாளர் குடியேறியிருக்கிறார். கட்டிமுடித்த வீட்டுக்குள் வந்து சாமான்களை இடம் மாற்றும் விருந்தாளி மாதிரி. “உங்கள் செயலியை எளிமையாக்கட்டுமா?” என்று கேட்டார். அடுப்பில் ஸ்கோன் ரொட்டி கருகும் வாசனை. ‘சரி’ என்று அழுத்திவிட்டு ஓடினேன். ஸ்கோன் பிழைத்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

வென்றேன்! க்ளெம் பதிவு செய்துகொண்டார். நான் பத்து நாளாகத் துளைத்த துளைப்புத் தாங்காமல்தான். வயது என்ற கட்டத்தில் “போதும்” என்று எழுதியிருக்கிறார்.

“கரும்பலகைல எழுத வேண்டாமா இனிமே?” என்றார்.

“வேண்டாம். நான் பாத்துக்கறேன்.”

செப்டம்பர் 19, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்றைக்காவது ஒழுங்காக எழுதுகிறேன்.

நேற்று க்ளெம் மதியம் ஒரு மணிக்குக் ‘கிளம்பியாச்சு’ அழுத்தினார். திரும்புவது நாலரை. நான் பொது மண்டபத்தில் பள்ளி நிதிக்கு கேக் விற்றுக்கொண்டிருந்தேன். இடையில் டேப்பை எடுத்துப் பார்த்தேன். “க்ளெம், இன்னும் பத்து நிமிடம்.” நிமிர்ந்தேன். மண்டபத்துக் கடிகாரத்தில் ஐந்தாகப் பத்து நிமிடம்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கடிகாரம் தப்பு என்று நினைத்தேன். பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லவும் செய்தேன், “பாவம், இதுக்கு பேட்டரி மாத்தணும்”னு. சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அந்த மனுஷன் அங்க எஞ்சின் செத்துப் போய் மிதந்துக்கிட்டிருக்கான், நான் இங்க எலுமிச்சை கேக் வெட்டிக்கிட்டு…

நாலே முக்காலுக்கு அலற வேண்டிய டேப் ஐந்தே காலுக்கு அலறியது. சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. அப்போதுதான் புரிந்தது, சரியாக இருந்தது சுவர்க் கடிகாரம்தான். டேன் பத்து நிமிடத்தில் படகை இறக்கிவிட்டான். ஆறு அடிக்கும்போது வடக்குத் தீவுத் திட்டுகளுக்கு அப்பால் கண்டுபிடித்தான். நங்கூரம் தரை தொடாத ஆழம். எஞ்சினைக் குனிந்து நோண்டும்போது ரேடியோ சட்டைப் பையிலிருந்து தண்ணீரில் விழுந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் முழு இருட்டு. அந்த இருட்டில் வெள்ளைப் படகாவது தெரியுமா?

வீட்டுக்கு வந்து செயலியைத் திறந்தேன். என் ஃபார்முலா இல்லை. அந்த இடத்தில் ஒரு குறிப்பு: “தேவையற்ற கணக்கீடு ஒன்று நீக்கப்பட்டது. இப்போது உங்கள் செயலி இன்னும் வேகமாக இயங்கும். வாழ்த்துகள்!”

எளிமையாக்கட்டுமா என்று கேட்டுத்தான் செய்திருக்கிறது. ‘சரி’ சொன்னது நான்.

செப்டம்பர் 20, சனி

மருத்துவமனையில் ஓர் இரவு வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். க்ளெம் வீட்டுக்குப் போனேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

வழியெல்லாம் ஒரு யோசனை: தளத்தின் தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டால் என்ன? அதுவும் உண்மைதானே. பாதி உண்மை. வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கோனையும் சேர்த்து.

அவர் சூப்பை முடித்தார். மெதுவாக. வேண்டுமென்றேதான்.

“நாலே முக்காலுக்கு டேன் கிளம்பிடுவான்னு உக்காந்திருந்தேன்” என்றார். “அஞ்சாச்சு. ஒருத்தரையும் காணோம். அப்ப உன்னைத் திட்ட ஆரம்பிச்சேன். விடாம திட்டினேன். அதனாலதான் குளிர் தெரியல.”

“க்ளெம்…”

“இரு. நீ சொல்லாம இருந்திருந்தா கம்பெனிக்காரனை மட்டும் திட்டியிருப்பேன். இப்ப ரெண்டு பேரையும் திட்டணும். வேலை ஜாஸ்தி.”

“செயலியை மூடிடறேன். நாளைக்கே.”

“மூடிட்டு? கரும்பலகை அலறுமா? டேன் எதைக் கேட்டு வந்தான்?” கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். “ஃபார்முலாவை முதல்ல திரும்பப் போடு. போட்டுட்டு மண்டபத்துக் கடிகாரத்துகிட்ட மன்னிப்புக் கேளு. அப்புறம் ஸ்கோன் கொண்டா. நல்லா வந்துச்சா?”

“சுமார்தான்.”

“சுமார் ஸ்கோனுக்காகவா என்னைக் கடல்ல விட்டே!”

சிரித்துவிட்டு வெளியே வந்து, சைக்கிள் பக்கத்தில் நின்று அழுதேன்.

செப்டம்பர் 25, வியாழன்

ஃபார்முலா திரும்பப் போட்டாயிற்று. உதவியாளரை அணைத்தாயிற்று (அணைக்கும் பொத்தானைத் தேட நாற்பது நிமிடம்). படகுத்துறையில் எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். ஒருவர் செயலியை விட்டு விலகினார். நியாயம்தான்.

க்ளெம் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து தளத்துக்குப் புகார்க் கடிதம் எழுதினார். ஒற்றை விரலால். “ஐயா, உங்கள் மென்பொருளால் நான் ஏறத்தாழ இறந்தேன். மற்றபடி நலம்.”

அக்டோபர் 5, ஞாயிறு

கோடை நேரம் தொடக்கம். இன்றிலிருந்து சிட்னியும் நாங்களும் ஒன்று. ஃபார்முலாவை எடுத்துவிட்டேன். தப்பு தானாகவே காணாமல் போனது.

அக்டோபர் 7, செவ்வாய்

தளத்திலிருந்து: “சோதித்துப் பார்த்தோம். நேரம் சரியாக இயங்குகிறது. உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது.”

க்ளெம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு, “நாற்காலிய இழு. எழுதணும்” என்றார்.

அக்டோபர் 30, வியாழன்

ஐந்தாவது கடிதம். இப்போது இரண்டு விரலால் தட்டுகிறார். வியாழன்தோறும் மூன்று மணிக்கு வந்துவிடுகிறார். போகும்போது மழை பெய்கிறதா என்று பார்ப்பார். பெய்தால் சந்தோஷமாக மறுபடி உட்கார்ந்துகொள்வார். வானிலை ஆளுக்கு மழை எப்போது வரும் என்று தெரியாதா என்ன?

டிசம்பர் 11, வியாழன்

தளத்திலிருந்து முதல் தடவையாக ஒரு மனுஷியின் பதில். பெயர் மாரிசெல், பிலிப்பைன்ஸில் செபுவிலிருந்து. “என் அப்பாவும் மீனவர், ஐயா. படகு வர நேரமானால் அம்மா சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார். உங்கள் தீவை வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். இந்தப் புகாரை மூட விடமாட்டேன்.”

க்ளெம் மூன்று முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்தார். “அந்தப் பொண்ணுக்கு என்ன மீன் பிடிக்கும்னு கேக்கலாமா?”

பிப்ரவரி 17, செவ்வாய்

புதிய வசதிகள் பட்டியல். மொத்தம் பத்தொன்பது. எண்ணற்ற நிறங்கள், பேசும் பொத்தான்கள், பறக்கும் பலூன்கள். எல்லாவற்றுக்கும் அடியில், பொடி எழுத்தில்: “அரை மணி மட்டும் மாறும் ஊர்களின் நேரம் சேர்க்கப்பட்டது.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு க்ளெம் வீட்டுக்குப் போனேன். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது தீவு விதி. இன்று மீறியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 19, வியாழன்

எழுத இனிமேல் புகார் இல்லை. ஆனாலும் மூன்று மணிக்கு வந்துவிட்டார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று விடியலில் தீவு தன் நேரத்துக்குத் திரும்பியது. ஃபார்முலா போடவில்லை. நிஜமாகவே சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரே வழி, யாராவது கடலுக்குப் போய் வேண்டுமென்றே தாமதிக்க வேண்டும்.

“நான் போறேன்” என்றார் க்ளெம். “நீயும் வா. உன் ஆப், நீயே மாட்டிக்கோ.”

டேப்பை டேனிடம் கொடுத்தேன். அரை நூற்றாண்டாக இந்தத் துறையில் நிற்கிறேன், கிளம்புகிறவர்களைக் கரையிலிருந்து பார்த்தே பழக்கம். முதல் தடவையாக நானே ‘கிளம்பியாச்சு’ அழுத்தினேன். ஆட்கள் என்ற கட்டத்தில் ‘2’. திரும்புவது, மூன்று மணி.

வெளியே கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. இரண்டு கிங்ஃபிஷ் கிடைத்தன, ஒன்று என் தூண்டிலில். க்ளெம் தன்னுடையதை இரண்டு முறை அளந்து பார்த்தார், ஆனால் என்னுடையதுதான் பெரியது. சாண்ட்விச் சாப்பிட்டோம். மூன்று மணியை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ரேடியோ கரகரத்தது. “ரொவீனா, டேன் பேசறேன். டேப் அலறுது. வந்தாச்சா?”

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றே கால். ஒரு நிமிடம் முன்னுமில்லை பின்னுமில்லை. க்ளெம் எஞ்சின் கயிற்றில் கை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

“இன்னும் இல்ல, டேன்” என்றேன். “நேரத்தை மாத்திப் போட்டுக்கோ. நாங்க அஞ்சு மணிக்கு வரோம்.”