பயிற்சி பெற்ற ஆறு பேர்

சங்குமேடு
19-7-1948

அன்பு மகன் கிளாட்வினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நீயும் மருமகள் தேவகனியும் பட்டணத்தில் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் சுகமில்லை. கச்சான் காற்று வாரிப் போடுகிறது, சோற்றில் பாதி மணல். நீ கேட்ட கருப்பட்டியை ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். தேவகனிக்கு ஐந்தாம் மாதம் என்று எழுதியிருந்தாய், அவளைக் குடம் தூக்க விடாதே, நீ தூக்கினால் கோட்டை உத்தியோகம் ஒன்றும் குறைந்துவிடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன் ஐயா. மூன்றாம் தேதி சனிக்கிழமை மத்தியானம் கடற்கரைப் பஞ்சுக் கிட்டங்கியில் தீப்பிடித்தது. காற்று தணிந்ததும் தோணியில் ஏற்ற வைத்திருந்த பஞ்சுப் பொதிகள், பேல் என்பார்கள். உன் அப்பா பஞ்சாயத்து போர்டு தண்ணீர் லாரி ஓட்டுகிறார், அதனால் தீயணைக்கும் கூட்டத்துக்கும் அவர்தான் தலைவர் என்று சண்டைக் காலத்தில் எழுதி வைத்தது உனக்குத் தெரியும். அப்போது ஒரு துரை வந்து இரண்டு மணி நேரம் இரும்புத் தொப்பி மாட்டி ஓடச் சொன்னார், போட்டோ எடுத்தார், போய்விட்டார். அதற்குப் பிறகு, அவர் கொடுத்துப்போன தீயணைக்கும் பம்பு பெரிய அதிகாரிகள் வரும் நாளில் ரோட்டுக்குத் தண்ணீர் தெளிக்கத்தான் வெளியே வரும். ஹோசை எலி கடித்திருந்தது, சாக்கு சுற்றிக் கட்டினார்கள். இருந்தும் கடல் தண்ணீரை அடித்து ஒரு மணி நேரத்தில் தீயை அணைத்துவிட்டார்கள். ஊரே கைதட்டியது, நானும் தட்டினேன், பொய் சொல்வானேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு பேலுக்குள் இருந்து புகை நூலாக வந்துகொண்டிருந்ததாம். நம் பக்கத்தில் வைக்கோல் படப்பு எரிந்தால் என்ன செய்வோம், பிரித்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவோம். அப்பாவும் அந்த நினைப்பில் பேலைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டையை வெட்டச் சொல்லிவிட்டார். வெட்டியவன் இனிகோ, சங்கு குளிக்கிறவன், காற்றுக் காலத்தில் கடலுக்குப் போக முடியாது என்று இந்தக் கூட்டத்தில் சேர்ந்த பிள்ளை. மிஷினில் அழுத்திக் கட்டிய பஞ்சு, பட்டை அறுந்ததும் வெடித்து விரிந்ததாம், உள்ளே கனன்றுகொண்டிருந்தது காற்றுப் பட்டதும் அவன் மேலேயே பற்றிவிட்டது. பட்டையோடு பேலை வெளியே உருட்டிக் கொண்டுபோய் ஊறப் போட வேண்டும், வெட்டவே கூடாது என்று பஞ்சு அழுத்துகிற பிரஸ்ஸில் வேலை செய்கிற ஒருவர் மறுநாள் வந்து சொன்னார். மறுநாள் சொல்லி என்ன செய்ய. இனிகோ தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள், கையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தீயணைப்புக்குப் புதுச் சட்டம் வருகிறது, அதற்கான காகிதங்களை உன் செக்ஷனில்தான் டைப் அடிக்கிறோம் என்று நீ எழுதியிருந்தாய். அந்தச் சட்டத்தில், பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கும் ஊருக்குத்தான் பம்புக்கும் ஹோசுக்கும் சர்க்கார் பணம் என்று இருக்கிறதாம். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். பயிற்சி கொடுக்கப் பணம் யார் தருவார்கள் என்று எழுதினவருக்குத் தோன்றவில்லையா? பதிமூன்றாம் தேதி போர்டு கிளார்க்கு செந்தூர்பாண்டி ஒரு பட்டியலோடு வந்தார். பயிற்சி பெற்றவர்கள் ஆறு பேர் என்று தலைப்பு. அண்ணாச்சி கையெழுத்துப் போட்டால் நல்ல பம்பு வரும், இன்னொரு இனிகோ வேக மாட்டான் என்றார். அப்பா பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார். போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்று ஆராதனை முடிந்து அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். இனிகோவின் தாய் அமலோற்பவம் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாளாம். வைத்தியச் செலவுக்கு உதவி கேட்டு அவள் போர்டுக்குப் போயிருக்கிறாள். உன் மகன் பயிற்சி எடுத்தவன்தானே, அவன் கவனக்குறைவுக்குப் போர்டு என்ன செய்யும் என்று பட்டியலைக் காட்டி அனுப்பிவிட்டார்களாம். ஆறு பேரில் ஐந்தாவது இனிகோ, பெயருக்கு நேரே பெருவிரல் ரேகை இருந்ததை அப்பாவும் பார்த்திருக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். யார் வந்து ரேகை வாங்கியது என்று கேட்டாராம். ஒருவரும் வரவில்லை என்றிருக்கிறாள். தீப்பட்ட நாளிலிருந்து அவனுக்கு இரண்டு கையும் முழங்கை வரை கட்டு.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "ஏளா, பேனா எடு. நான் பயிற்சி எடுத்தவன்னு கையெழுத்துப் போட்டது பொய்யி. வெட்டுலேன்னு அந்தப் பயகிட்ட சொன்னதும் நாந்தான். ரெண்டையும் எழுது" என்றார். வேலை போகும், இன்னும் மூன்று வருஷத்தில் ஓய்வு பெற வேண்டியவர், கேஸ்கூட வரலாம் என்று நான் சண்டை போட்டேன், அழுதேன். அவன் கை போச்சே ஜீவமணி என்றார். பேனாவை எடுத்தேன்.

அந்தப் பட்டியல் உன் மேசைக்கு வரும். அப்பா பெயரைப் பார்த்ததும் மறைக்க நினைக்காதே, இந்தக் கடிதத்தை அதோடு வைத்து உன் மேலதிகாரியிடம் கொடுத்துவிடு. உனக்கு அவமானம்தான், தெரிந்தேதான் கேட்கிறேன். ஐந்தாவது பெயருக்கு நேரே இருப்பது யாருடைய விரல் என்று கேட்கச் சொல். பயிற்சிக்கு முதலில் பணம் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை உன்னால் சொல்ல முடிந்தால் சொல். பயந்துகொண்டேதான் எழுதுகிறேன் ஐயா, ஆனாலும் எழுதிவிட்டேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாராக. குடம் தூக்குகிற விஷயத்தை மறந்துவிடாதே. அப்பா கடைசியில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுவேன் என்று நிற்கிறார், இடம் விட்டிருக்கிறேன்.

உன் பிரியமுள்ள அம்மா,
ஜீவமணி

சு. சத்தியராஜ், தண்ணீர் லாரி டிரைவர். வயது 52. தீயணைப்புப் பயிற்சி: இல்லை.