மாடி வீட்டுக்காரர் மாட்டிய வாஷர்

என் அன்பு மனைவிக்கு, நான் சுகம். உன் இடுப்பு வலி தேவலையா? மகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

சமையலறைக் குழாய் ஒழுகியதும் மாடி வீட்டு மெக்கானிக் ஓடிவந்து வாஷர் மாற்றினார், "தங்கமான மனுஷன்" என்று போனில் ஓயாமல் சொன்னாய். மறுநாள் ஆலையில் ரப்பர் கலவைக்கு எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டேன். ரப்பரை இளக்கி வளைய வைப்பதே அந்த எண்ணெய்தான். அது இல்லாமல் வார்த்த வாஷர்கள் விறைத்துப்போய், வளைத்ததும் வெடித்தன.

"நெனப்பெல்லாம் எங்கய்யா இருக்கு?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"மாடி வீட்டுலங்க" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். பயப்படாதே, வேலை போகவில்லை.

மறுபடி சரியாக வார்த்ததில் இரண்டைக் கேட்டு வாங்கி, இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் போட்டதைக் கழற்றி எறி. உன் போர்வை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு. ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது.

வாஷரை நீயே மாட்டு. முடியாவிட்டால், நான் வரும்வரை ஒழுகட்டும்.

உன் வீட்டுக்காரன்