செத்த நண்டுகளின் இதயத் துடிப்பு

அனுப்புநர்:
நண்டுத் தொட்டிக் காப்பாளர்,
உயிரியல் ஆய்வுக்கூடம்,
நகரக் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
குடிநீர் வாரியம்.

பொருள்: கண்காணிப்பு நண்டுகள் இறந்த பின்னும் அவற்றின் இதயம் துடிப்பதாகத் திரையில் காட்டியது – ஆற்றுநீர் எடுப்பதை உடனே நிறுத்தக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. ஒன்பது ஆண்டுகளாக எட்டு ஆற்று நண்டுகளைப் பராமரித்து வருகிறேன். ஆற்றுநீர் முதலில் அவற்றின் தொட்டிகள் வழியாகவே வருகிறது. ஒவ்வொரு நண்டின் ஓட்டிலும் பருப்பளவு ஒளிக்கருவி ஒட்டப்பட்டுள்ளது. அது ஓட்டுக்குள் ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு இதயத் துடிப்பை அளக்கும். அமைதியாக இருக்கும் நண்டுக்கு நிமிடத்துக்கு அறுபது. நீரில் நஞ்சு கலந்தால் துடிப்பு எகிறும். மூன்று நண்டுகளுக்கு ஒருசேர எகிறினால் மணி அடித்து, நீரெடுப்பு மதகு தானாக மூடிக்கொள்ளும்.

2. கணவரின் அறுவைச் சிகிச்சைக்காக ஒன்பது நாள் விடுப்பில் இருந்துவிட்டு, நேற்றுக் காலை பணிக்குத் திரும்பினேன். கதவைத் திறந்ததுமே அழுகல் நாற்றம் அடித்தது. ஏழு நண்டுகள் மல்லாந்து கிடந்தன. திரையிலோ எட்டுக் கோடுகளும் ஓடிக்கொண்டிருந்தன. நான்காம் நண்டைக் கையில் எடுத்தேன், விறைத்திருந்தது. அதன் துடிப்பு அறுபத்திரண்டு என்றது திரை. ஒளிக்கருவியின் கம்பியைப் பிடுங்கினேன். அப்போதும் அறுபத்திரண்டு.

3. பணியிலிருந்த பொறியாளரைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "வியாழக்கிழமை மூணு தடவ மணி அடிச்சு மதகு மூடிடுச்சு. தண்ணி வரலன்னு ஊரே போன் பண்ணுது. அதான் போன மாசப் பதிவ ஓட விட்டேன். நண்டுதானம்மா, வேற வாங்கிக்கலாம்."

4. இதை எழுதக் கூசுகிறது. வெள்ளிக்கிழமை முதல் என் நாத்தனாரின் நான்கு மாதக் குழந்தை வாந்தி எடுத்தது. "அண்ணி, தண்ணியில ஏதாச்சும் இருக்குமோ?" என்று அவள் கேட்டாள். விடுப்பில் இருந்த நான் ஆய்வுக்கூடத் திரையின் எட்டுக் கோடுகளையும் கைப்பேசியில் திறந்து காட்டி, "ஒண்ணுமில்லடி, பாரு" என்றேன். என் பேச்சை நம்பி அதே நீரில் மறுபடியும் பால்பொடி கலக்கினாள். குழந்தை இப்போது மருத்துவமனையில் இருக்கிறது. தண்ணீரைப் பற்றி மருத்துவரிடம் நேற்று நானே சொல்லும்வரை அவருக்கு எதுவும் தெரியாது.

5. நேற்றே மதகைக் கையால் மூடினேன். அதற்கு விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்துள்ளது. "வெளிய சொல்லிடாதீங்க, ஜனங்க பயந்துடுவாங்க" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். ஜனங்கள் பயப்படட்டும் அம்மையீர், குடிக்காமலாவது இருப்பார்கள்.

6. எனவே மதகை மூட உத்தரவிட்டு, மருத்துவமனைகள் அனைத்துக்கும் இன்றே தகவல் அனுப்பவும், வியாழக்கிழமையின் அசல் பதிவு அழிக்கப்படுமுன் அதைக் கைப்பற்றவும் மன்றாடுகிறேன். முத்திரையிட்ட நீர்ப்புட்டிகள் இரண்டை இணைத்துள்ளேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அல்லாமல் வேறிடத்தில் சோதிக்க வேண்டுகிறேன். என் மீதான நடவடிக்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எட்டாம் நண்டு மட்டும் உயிரோடு இருக்கிறது. அதற்குப் புதிய ஒளிக்கருவி ஒட்டி, பழைய பதிவு ஓடாத தனித் திரையில் இணைத்திருக்கிறேன். இந்த வரியை எழுதும்போது அதன் துடிப்பு நூற்றுப் பதினெட்டு. மதகை இன்று காலை மீண்டும் திறந்துவிட்டார்கள்.

இடம்: தொட்டி அறை
நாள்: 14, செவ்வாய், முற்பகல் 11.20

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
நண்டுத் தொட்டிக் காப்பாளர்