ஒன்பதாம் நம்பர் செருப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் அம்மாவும் நலமா? எனக்குப் போன வாரம் விலாவில் வலி. சிறுநீரகத்தில் சின்னக் கல். கிரேனில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவேன் என்று தண்ணீரே குடிக்காமல் இருந்த வினை. கல் வெளியேறிவிட்டது, பயப்படாதீர்கள்.

டாக்டர் கேட்டார்: "வீட்ல யாருக்காவது பிரஷர் இருக்கா? கால் வீங்கி, செருப்பு பத்தலைங்கறாங்களா?"

சிறுநீரகம் கெட்டால் அப்படிக் காலில் நீர் கோத்து வீங்குமாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செருப்பு இறுக்குகிறது என்று நீங்கள் சொன்னபோது, "இந்த வயசுலயும் வளர்றீங்களாப்பா?" என்று சிரித்துவிட்டு ஒன்பதாம் நம்பர் வாங்கி அனுப்பியவன் நான்.

நாளைக்கே பிரஷர் பார்த்து, ரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பைக் குறையுங்கள். போனை அம்மாவிடம் கொடுத்துவிடாமல் நீங்களே என்னோடு பேசுங்கள். குரல் கேட்டு நாளாகிறது.

சைரன் ஊதிவிட்டது, ஏற வேண்டும். பழைய எட்டாம் நம்பர் செருப்பை எறிந்துவிடாதீர்கள். அது மறுபடி உங்கள் காலுக்குச் சேர வேண்டும்.

உங்கள் மகன்